பழைய ராணுவ லாரியை அன்றாட வண்டியாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படையிலிருந்து கழித்துவிட்ட லாரியை வாங்குகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களில் அமெரிக்கப் படையின் இரண்டரை டன் எம்35ஏ2 அடிக்கடி வரும். உலகம் முழுக்க அதிகமாகக் கைமாறியிருக்கும் வண்டி என்பதால் அதை எடுத்துக்கொண்டேன். மற்ற வண்டிகளுக்கும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

தினமும் ஓட்ட முடியுமா, இல்ல இது சும்மா ஆசைதானா?

ஓட்டலாம். ஆனால் வண்டியின் வேகத்துக்கு நாம்தான் இறங்கிவர வேண்டும். எம்35ஏ2வின் வெற்று எடையே ஏறக்குறைய 5.9 டன். 7.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் தருவது 130, 140 குதிரைத்திறன். கடைசி வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வையுங்கள், நிம்மதியாகப் போவது 70, 75தான். மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டரை ஒட்டி நிற்கும்.

போய்வரும் தூரம் குறைவு, நெடுஞ்சாலை அதிகமில்லை, நிறுத்த இடம் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். அகலம் 2.4 மீட்டருக்கு மேல். கட்டிடத்துக்கு அடியில் இருக்கும் வாகன நிறுத்தங்களை மறந்துவிட வேண்டியதுதான். ஓட்டுநர் உரிமத்தையும் முதலிலேயே பாருங்கள். பல நாடுகளில் 3.5 டன்னைத் தாண்டினால் கனரக உரிமம் வேண்டும்.

எந்த மாடல் எடுத்தா தலைவலி குறைவு?

சந்தையில் விற்ற வண்டிக்குப் படையின் பச்சை அடித்த மாதிரி இருப்பவைதான் சுலபம். 1980களின் நடுவில் அமெரிக்கப் படை வாங்கிய ஷெவர்லே சியுசிவி வரிசை அப்படிப்பட்டது. 6.2 லிட்டர் டீசல் எஞ்சின், சாதாரண பிக்கப் பாகங்கள், பிரேக்கும் நாம் பழகியதே.

ஜெர்மனியின் யூனிமோக் 404, ஆஸ்திரியாவின் பின்ஸ்கவர் 710 இரண்டும் போர்ட்டல் ஆக்சில் வண்டிகள். சக்கர முனையிலேயே இன்னொரு கியர் இருப்பதால் வயிறு தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், காட்டுப் பாதையில் ஒன்றும் இடிக்காது. அந்த நான்கு முனைக்கும் தனித்தனி ஆயில், தனித்தனி சீல் என்பதையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். இரண்டுமே பெட்ரோல் வண்டிகள். பின்ஸ்கவரின் எஞ்சின் காற்றால் குளிர்வது, அதனால் ரேடியேட்டர் தொல்லை இல்லை, சத்தம் உண்டு. இன்னும் பெரிதாக, ஐந்து டன் எம்939 போன்றவற்றுக்குப் போனால் முழு ஏர் பிரேக்கும் ஆட்டோமேட்டிக் கியரும் கிடைக்கும். ஓட்டச் சுகம்தான், ஆனால் அதைத் தினசரி வண்டி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஓடினது வெறும் 20,000 கிலோமீட்டர்னு சொல்றாங்க. நம்பி வாங்கலாமா?

மீட்டர் உண்மையாகவே இருக்கலாம். சிக்கலும் அதுதான். ஓடாத வண்டி என்றால் வருடக்கணக்காக நின்ற வண்டி. ரப்பர் எல்லாம் இறுகியிருக்கும், டேங்குக்குள் துரு, வீல் சிலிண்டரில் பிடிப்பு, டயர் பக்கவாட்டில் வெடிப்பு. நிறைய ஓடி ஒழுங்காகப் பராமரித்த வண்டிதான் பல நேரம் நல்ல வண்டி.

சேஸில் இரட்டைத் தகடு வைத்து பலப்படுத்தியிருக்கும் இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே துரு வீங்கினால் தகடு அலைபோல் வளைந்திருக்கும். மேலே புது பெயிண்ட் இருந்தாலும் அந்த வளைவை மறைக்க முடியாது. அடுத்து கேபின் சேஸில் அமரும் இடங்கள், மிதியடிக்குக் கீழே இருக்கும் தரைத் தகடு. எஞ்சின் பழுதுக்குப் பாகம் கிடைக்கும். உளுத்த சேஸுக்கு மருந்து கிடையாது.

வண்டி வந்தாச்சு. முதல்ல எஞ்சினைப் பிரிக்கணுமா?

வேண்டாம். நிற்குமா, திரும்புமா, மற்றவர் கண்ணுக்குத் தெரியுமா என்ற மூன்றையும் முடித்த பிறகே எஞ்சின் பக்கம் போங்கள். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு என்பது வேலையின் வரிசை. பெயிண்டும் பம்பரும் கடைசி.

இதற்கிடையே எல்லா ஆயிலையும் வடித்துப் பாருங்கள். ஆக்சிலிலோ, இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலோ பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றைக் கடக்கச் செய்த வண்டிகளில் இது சகஜம். புது ஆயில் ஊற்றுவதற்கு முன், உள்காற்று வெளியேறும் சிறு மூடியான பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, நேற்று மாற்றிய சீலையும் ஆயில் தள்ளிவிடும்.

சர்வீஸ் புத்தகம், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கறது?

கார்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இதில் நமக்குக் கிடைக்கிறது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கும் புரியும்படி படை தானே கையேடு எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்க வண்டிகளின் கையேட்டு எண்ணில் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். 10 என்று முடிந்தால் ஓட்டுநருக்கானது, 20 படைப்பிரிவு மெக்கானிக்குக்கானது, 34 பெரிய பழுதுக்கானது. எம்35ஏ2வின் ஓட்டுநர் கையேடு டிஎம் 9-2320-361-10. எண்ணோடு பி என்ற எழுத்து சேர்ந்திருந்தால் பாகப் பட்டியலும் உண்டு.

பாகத்தைத் தேட 13 இலக்க நேட்டோ ஸ்டாக் எண்தான் சாவி. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை, அடுத்த இரண்டு நாடு. 00, 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். அந்த எண்ணை வைத்துத் தேடினால் அதே பெரிங் எந்தத் தயாரிப்பாளரின் எந்த எண்ணில் சந்தைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். படைக்கென்றே செய்த பெரிங், சீல் என்று நினைப்பதில் பாதிக்கு மேல் சாதாரண லாரி சரக்குதான்.

பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. அப்படியே விட்டுடலாமா?

கூடாது. எம்35ஏ2 உட்பட அந்தக் காலத்து லாரிகள் பலவற்றில், பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஆறு சக்கரத்தில் ஏதோ ஒரு வீல் சிலிண்டர் வாஷர் கிழிந்தாலும் போதும், பெடல் தரையில் போய் உட்காரும், எந்தச் சக்கரமும் பிடிக்காது. இன்று காலை நன்றாகப் பிடித்தது என்பது சாயங்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை.

எஞ்சினை அணைத்து, பிரேக்குக்குத் துணை நிற்கும் காற்றை டேங்கிலிருந்து முழுவதும் வெளியேற்றி, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு ஒவ்வொரு டிரம்மாகக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசி உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சிலிண்டரை மட்டும் மாற்றாதீர்கள், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒரே வயது ரப்பர், ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது. ஹோஸ்களுக்கும் இதே பேச்சுதான்.

தினமும் ஓட்டுவதாக இருந்தால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் செய்யக்கூடிய மாற்றங்களில் காசுக்கு மதிப்பு அதிகம் தருவது இதுதான் என்பது என் கருத்து. முன்னுக்கும் பின்னுக்கும் தனிக் குழாய். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும்.

டிரம்மைத் திறக்கும்போது ஏர் கன் அடிக்க வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடையுங்கள்.

ஊதா கலர்ல பிரேக் ஆயில் இருக்கு. கடையில கிடைக்கறதையே ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள். அது டாட் 5, சிலிகான் வகை. கடையில் பொதுவாகக் கிடைக்கும் டாட் 3, டாட் 4 கிளைக்கால் வகை. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. பெயர் ஏமாற்றும்: டாட் 5.1 என்பதும் கிளைக்கால்தான், டாட் 5க்குப் பதிலாகாது.

சிலிகான் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, அதனால் நின்றுகொண்டே இருக்கும் படை வண்டிக்கு ஏற்றது. ஆனால் உள்ளே வந்த தண்ணீர் கலக்காமல் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கி, சிலிண்டர் அடியைத் துருவாக்கும். எந்த வகை வைத்துக்கொள்கிறீர்களோ அதிலேயே இருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முந்தைய பதிலில் சொன்ன ரப்பர் வேலையைச் செய்யும்போதே குழாய்களைச் சுத்தமாகக் கழுவி மாற்றுங்கள்.

காலைல ஸ்டார்ட் பண்ணினதும் பஸ்ஸர் கத்துது. ரிப்பேரா?

இல்லை. எம்35 போன்றவற்றில் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காற்று துணை நிற்கிறது. டேங்கில் 60 பிஎஸ்ஐயைத் தாண்டும் வரை பஸ்ஸர் கத்துவது ஒழுங்கான வேலை. அது ஓயும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இரவு முழுக்கக் காற்று நின்றால் நல்லது. காலையில் ஒவ்வொரு நாளும் சுழியத்திலிருந்து ஏறினால், சோப்புத் தண்ணீர் தடவி இணைப்புகளைத் தேடுங்கள். ஓட்டி முடித்ததும் டேங்கின் கீழ்த் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி நகர்ந்துச்சு, எப்படி?

பல ராணுவ லாரிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு டிரம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்று, தரையில் இருக்கும் சக்கரம் உருள இடம் கொடுத்துவிடும். ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கே இல்லை. அதனால் எந்த வேலைக்கும் முன் சக்கரத்துக்குக் கட்டை. ஓடும்போது இதை இழுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், அது நிறுத்தி வைப்பதற்கு மட்டும்.

டயர்ல பட்டன் முழுசா இருக்கு. ஏன் மாத்தச் சொல்றீங்க?

டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், பேச்சே இல்லை. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் வயசாகிறது. அதோடு எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றாக இருக்கும் அந்தப் பழைய கட்டைப் பட்டன் சேற்றுக்கானது. மழையில் நனைந்த தார் ரோட்டில் வழுக்கும்.

ரேடியல் டயருக்கு மாறினால் ஓட்டமே வேறு. ஆனால் அளவைக் கூட்டும்போது கணக்குப் போடுங்கள். எம்35ஏ2வில் 9.00-20 இரட்டை டயர்களை எடுத்துவிட்டு 395/85ஆர்20 ஒற்றை டயர் போடுவது பிரபலம். விட்டம் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் போவது 92. பிரேக் டிரம் அதே அளவில்தான் இருக்கிறது, அதனால் பிடிப்பும் அந்த விகிதத்தில் குறையும். பிரேக் வேலையை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிம்மைப் பத்தி எல்லாரும் பயமுறுத்துறாங்களே?

பயப்பட வேண்டிய இடம்தான். லாக் ரிங் வைத்த பல துண்டு ரிம்மில் வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும். கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸில் கிளிப் மாட்டி, எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று அடிக்க வேண்டும். வீல் நட்டைத் தொடும் முன் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்க வேண்டும், இரட்டைச் சக்கரத்தில் இரண்டிலும். உரிய அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கும் கீழே இறங்கி ஓடிய டயருக்கு வண்டியில் வைத்தே காற்றடிக்கக் கூடாது. கழற்றி, பிரித்து, ரிம்மையும் வளையத்தையும் பார்த்த பிறகே.

இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்த ரிம்களில் இரண்டு வரிசை நட்டு இருக்கும். ஒரு வரிசை சக்கரத்தைக் கழற்ற, மற்றது ரிம்மையே பிரிக்க. காற்று இருக்கும்போது தவறான வரிசையைத் தளர்த்தினால் மேலே சொன்ன கதைதான். அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வையுங்கள். இன்னொன்று: எம்35 போன்ற சில வண்டிகளில் இடப்பக்க நட்டுகள் எதிர்மரை. கழலவில்லை என்று குழாயை மாட்டி ஏறி மிதிப்பதற்கு முன் போல்ட் தலையில் எல் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

24 வோல்ட்டை 12ஆ மாத்திடலாமா? ஸ்டீரியோ, போன் சார்ஜர் எல்லாம் போடணும்.

அதற்காக மாற்ற வேண்டாம். மாற்றுவதென்றால் ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், மீட்டர்கள், எல்லா பல்பும், பெட்ரோல் வண்டியானால் இக்னிஷனும் மாற வேண்டும். அதே சக்திக்கு மின்னோட்டம் இரண்டு மடங்காவதால் வயர் தடிமனும் போதாது. 24 வோல்ட் ஸ்டார்ட்டர் குளிரிலும் எஞ்சினைச் சுழற்றும் விதமே தனி, அதை ஏன் இழக்க வேண்டும்?

பலரும் செய்வது இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது. எடுக்கும்போது அந்த ஒன்று மட்டும் காலியாகும். சார்ஜ் ஆகும்போது தொடரில் இருக்கும் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான் போகும். அதனால் ஒன்று பசியோடு நிற்க, மற்றது அதிகமாகத் தின்று கொதிக்கும். சில மாதத்தில் இரண்டு பேட்டரியும் போகும். 24இலிருந்து 12 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி, ஃபியூஸ் பெட்டியோடு தனிச் சுற்று இழுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் தேவை அதிகம் என்றால், இரண்டு பேட்டரியையும் சமமாக வைக்கும் பேட்டரி ஈக்வலைசர்.

சியுசிவி இதில் விதிவிலக்கு. அதில் ஸ்டார்ட்டர் மட்டும் 24, மற்றவை பெரும்பாலும் 12, ஆல்டர்நேட்டரும் இரண்டு. வயரிங் படம் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

புது பல்பு போட்டும் பிரேக் லைட் எரிய மாட்டேங்குது.

அமெரிக்க வண்டியானால் மூன்று நெம்புகோல் விளக்கு சுவிட்சைப் பாருங்கள். முதன்மை நெம்புகோல் ஆஃபில் இருந்தால் பிரேக் விளக்குக்கு மின்சாரமே போகாது. பகலில் ஓட்ட ஸ்டாப் லைட் என்ற நிலைக்கும், இரவில் சர்வீஸ் டிரைவ் நிலைக்கும் தள்ள வேண்டும். தள்ளும் முன் பக்கத்து அன்லாக் நெம்புகோலைப் பிடித்திருக்க வேண்டும். எதிரி விமானத்துக்குத் தெரியாமல் ஓட்டும் பிளாக் அவுட் நிலையில் தெரியாமல் விட்டுவிட்டால், பின்னால் வருபவருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

ஊர் ரோட்டில் இந்தச் சடங்கு எதற்கு? பெடல் சுவிட்சிலிருந்து பிரேக் விளக்குக்கு நேரடியாக ஃபியூஸ் வழியே வயர் இழுத்துவிடுங்கள். இண்டிகேட்டர் இல்லாத வண்டியில் சேருங்கள். எல்இடி போட்டால் அதற்கேற்ற ஃப்ளாஷரும் வேண்டும், பழையது படபடவென அடிக்கும்.

இன்னும் கொஞ்சம் வேகம் கூட்ட வழி இருக்கா?

எஞ்சின் சுற்றுக்கு எல்லை வைக்கும் கவர்னரைத் திருகிக் கூட்டுவதைத்தான் கேட்கிறீர்கள் என்றால், வேண்டாம். எம்35ஏ2வின் எஞ்சினுக்கு 2,600 சுற்று எல்லை. அதைத் தாண்டி நீண்ட நேரம் ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஆக்சில் விகிதம் 6.72க்கு 1. வண்டி இழுவைக்காகப் பிறந்தது. பெரிய டயர் கொஞ்சம் வேகம் தரும், அதன் விலையை மேலே சொல்லிவிட்டேன்.

எஞ்சினையே மாத்தினா?

4பிடி, 6பிடி கம்மின்ஸ் டீசல் எஞ்சின் போடுபவர்கள் உண்டு. எஞ்சின் இடத்தில் பொருந்திவிடும். அதற்குப் பிறகுதான் அடாப்டர் தகடு, கிளட்ச், ரேடியேட்டர், காற்று கம்ப்ரசர், 24 வோல்ட் ஆல்டர்நேட்டர் என்று பட்டியல் நீளும். எஞ்சின் எண் மாறுவதால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் நான் தொட மாட்டேன்.

கழிவு எண்ணெய் ஊத்தினாலும் ஓடுமாமே?

எம்35ஏ2வின் எஞ்சின் மல்டிஃபியூல் வகை. பிஸ்டன் தலையிலேயே உருண்டைக் குழி எரியறை, ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் எரிப்பு முறையைத் தழுவியது. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாம் எரிக்கும். போரில் எது கிடைக்கிறதோ அதில் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. தினமும் கழிவு எண்ணெய் ஊற்றினால் ஃபில்டர் அடைபடும், பம்ப் தேயும், புகை வேறு. டீசலே போடுங்கள்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அரிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள்.

ஸ்டியரிங் இரும்பா இருக்கு. பவர் ஸ்டியரிங் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முதலில் முன்சக்கரங்களைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கிங்பின், டை ராடு முனை, டிராக் லிங்க் என்ற ஸ்டியரிங் மூட்டுகள் எல்லாவற்றிலும் கிரீஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். இறுகிய பழைய கிரீஸ் நிப்பிளை அடைத்திருக்கும். புது கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடித்து, டயரில் சரியான காற்று வைத்தாலே பாதி பாரம் குறையும். ஆட்டம் இருக்கும்போதே பவர் ஸ்டியரிங் வைத்தால், அந்த ஆட்டத்தை மறைக்கத்தான் அது உதவும்.

நாலு வீலும் இழுக்கற மாதிரியே ஓட்டினா பிடிப்பு நல்லா இருக்குமே?

காய்ந்த தாரில் கூடாது. முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரம் அதிகத் தூரம் சுற்ற வேண்டும், சுற்ற விடாததால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். சேறு, மணல், பனிக்கு மட்டும் போடுங்கள்.

பின்னாடி ஒரு ஆக்சிலை எடுத்து வண்டியைக் குட்டையாக்கறாங்களே, அது எப்படி?

ஆறு சக்கர வண்டியை நான்காக்கி, சேஸையும் வெட்டிக் குறைக்கும் வேலை. திரும்பும் வட்டம் சுருங்கும், எடை கணிசமாகக் குறையும், ஊருக்குள் ஓட்ட உண்மையிலேயே சுகம். ஆனால் பாரம் சுமக்கச் செய்த பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் இப்போது வெறும் வண்டிக்கு மிகக் கடினம். சில பட்டைகளை எடுக்காவிட்டால் குதிக்கும். பின்பக்கம் லேசானதால் திடீரென மிதித்தால் பின்சக்கரம் இறுகி வண்டி பக்கவாட்டில் சறுக்கும். பிரேக் பங்கீட்டைத் திருத்தித்தான் ரோட்டில் இறக்க வேண்டும். சேஸில் வெல்டிங் செய்பவர் லாரி சேஸ் பழக்கமுள்ளவராக இருக்கட்டும். பல நாடுகளில் இந்த மாற்றத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் தேவை.

பெயிண்ட்டைச் சுரண்டி புதுசா அடிக்கணும். எதாவது கவனிக்கணுமா?

1980களிலிருந்து அமெரிக்க வண்டிகளில் வந்தது ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பூச்சு. அடிப்பூச்சில் குரோமியம் இருக்கலாம், அதற்கு முந்தையதில் ஈயம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஈரமாகத் தேய்த்து, தகுந்த சுவாசக் கவசம் அணியுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வண்டியானால், இருட்டில் ஒளிரச் செய்த மீட்டர் முள்ளில் ரேடியம் இருக்கக்கூடும். ஒளி செத்திருந்தாலும் கதிர்வீச்சு இருக்கும், திறக்க வேண்டாம்.

நிறத்துக்கும் சட்டம் உண்டு. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே.

கேபின்ல பேசவே முடியல. சத்தத்தையும் சூட்டையும் குறைக்க?

ஓட்டைகளை அடையுங்கள். எஞ்சின் பக்கத் தகட்டில் கேபிள், பெடல் நுழையும் ஒவ்வொரு துளையும் சத்தத்துக்கு வாசல். அதன்பின் பியூட்டைல் மேட், அதன்மேல் நீர் உறிஞ்சாத ஃபோம். மேட்டுக்கு அடியில் துருவை வைத்து மூடிவிடாதீர்கள். சீட்டை மாற்றும்போதே சீட் பெல்ட் வையுங்கள். வெறும் தரைத் தகட்டில் துளைத்து மாட்டினால் பிய்ந்து வரும், அடியில் தடிமனான தகடு கொடுங்கள். கேன்வாஸ் கூரை வண்டியில் தோள் பெல்ட்டை மாட்ட மேலே பலமான இடம் இல்லை, ரோல் பார் இருந்தால்தான் முடியும்.

வீட்டுல வேற யாராவது எடுத்து ஓட்டலாமா?

உரிமம் இருந்தால் ஓட்டட்டும், கூட உட்கார்ந்து பழக்கிய பிறகு. எம்35ஏ2வில் முதல் கியரும் ரிவர்ஸும் சிங்க்ரோ இல்லாதவை, வண்டி நின்ற பிறகே விழும். இன்னும் பழைய வண்டிகளில் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும். விளக்கு நெம்புகோல், காற்று பஸ்ஸர், ஹேண்ட் பிரேக் பற்றி மேலே சொன்னதை அவர்களிடமும் சொல்லுங்கள்.

இவற்றில் பலவற்றுக்குச் சாவியே கிடையாது, சுவிட்சைத் திருப்பி பட்டனை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம். பூட்டக்கூடிய பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் ஒன்று வைத்துவிடுங்கள். ஆனால் அதைத் திருப்பினால் டீசல் எஞ்சின் நிற்காது. நிறுத்த டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று காட்டி, முதல் ஓட்டத்துக்கு முன்பே அவர்களை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.